வீட்டுப் படத்தொகுப்பில் நாளைய உலகம்

1894ஆம் ஆண்டில் ரவாங் ஓர் ஈயச் சுரங்க ஊராக இருந்தது. அங்குச் சுரங்கத் தொழில் நடத்திய கே.தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் தங்கள் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவினர். மலாயாவின் மின்சார வரலாறு அந்த மின்னாக்கியிலிருந்துதான் தொடங்குகிறது. நீராவிப் பொறியையும் எண்ணெய் விளக்கையும் மட்டுமே கண்டு பழகிய மக்களுக்கு, ஒரு கம்பியின் வழியாக ஆற்றல் வந்து பொறியை இயக்கும் என்பது கதையில் வரும் மாயம் போலத் தோன்றியிருக்கும். கற்பனை போலத் தோன்றிய ஒன்று ரவாங் மக்களின் கண்முன்னே உண்மையானது.

இன்று அதே ரவாங்கில் மின்சாரத்தை யாரும் வியந்து பார்ப்பதில்லை. மாலையில் அப்பா கோலாலம்பூரிலிருந்து மின்தொடர்வண்டியில் வீடு திரும்புகிறார். பாட்டி வரவேற்பறையில் தொலைக்காட்சி பார்க்கிறார். அம்மாவின் கைப்பேசியில் ஒரு நாடகத் தொடர் ஓடுகிறது. அண்ணன் கணினியின் முன்னும் தங்கை குறுங்காணொளிகளிலும் மூழ்கி இருக்கின்றனர். ஒரே கூரையின்கீழ் பல திரைகள் ஒளிர்கின்றன. ஆனால், ஒருவர் பார்த்ததை மற்றவர் அறிவதில்லை. அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

முன்பு இப்படி இல்லை. தோட்டப்புறங்களில் திடலில் வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டுவார்கள். சிறியவரும் பெரியவரும் பாய் விரித்து அமர்ந்து ஒன்றாகப் பார்ப்பார்கள். மறுநாள் பால்மரம் வெட்டும்போதும் அந்தப் படத்தைப் பற்றியே பேச்சு நடக்கும். அன்று கிடைத்த படங்கள் குறைவு. ஆனால், ஒரு படம் பல நாள் பேச்சுக்கு இடம் தந்தது. இன்று கிடைக்கும் படங்கள் ஆயிரக்கணக்கானவை. பேச்சுதான் குறைந்துவிட்டது.

இந்தக் குறையைப் போக்க ஒரு நல்ல வழி உண்டு. ஒவ்வொரு குடும்பமும் பத்துப் படங்கள் கொண்ட ஒரு சிறு அறிவியல் புனைவுப் படத்தொகுப்பை வீட்டில் உருவாக்க வேண்டும். மாதம் ஒரு படம் என எல்லாரும் சேர்ந்து பார்க்க வேண்டும். பார்த்த பின் அதைப் பற்றித் தமிழில் பேச வேண்டும். இம்மூன்றில் கடைசியாகக் கூறப்பட்டதே மிகவும் முக்கியமானது.

அறிவியல் புனைவையே ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? காதல் கதையும் குடும்பக் கதையும் நடந்ததையோ நடப்பதையோ காட்டுகின்றன. அறிவியல் புனைவு, 'இப்படி நடந்தால் என்ன ஆகும்?' என்று கேட்கிறது. இயந்திரத்துக்கு உணர்ச்சி வந்தால் என்ன ஆகும்? காலத்தில் பின்னோக்கிச் செல்ல முடிந்தால் என்ன ஆகும்? புவி முழுவதும் குப்பையால் நிறைந்தால் மனிதர் எங்கே போவர்? இக்கேள்விகளுக்குப் பாட்டியும் விடை சொல்லலாம். பத்து வயதுச் சிறுவனும் விடை சொல்லலாம். இருவர் விடையும் வேறுபடும். அந்த வேறுபாட்டிலிருந்துதான் உரையாடல் பிறக்கிறது.

தமிழில் ஏன் பேச வேண்டும்? தமிழ்ப்பள்ளியில் பயின்ற மாணவர்கள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பின் அறிவியலை வேறு மொழிகளில் கற்கின்றனர். காலப்போக்கில், அறிவியலுக்கு ஆங்கிலமும் மலாயும், வீட்டுப் பேச்சுக்கும் திருவிழாவுக்கும் தமிழ் என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஈர்ப்பு விசை, வளிமண்டலம், விண்கல், செயற்கைக்கோள், செயற்கை நுண்ணறிவு ஆகிய சொற்கள் தேர்வுத்தாளில் மட்டும் தலைகாட்டுகின்றன. ஒரு மொழியில் சிந்திக்கவும் வாதிடவும் வாய்ப்பு இல்லாவிட்டால் அம்மொழி மெல்ல மெல்லச் சுருங்கும். ஒரு படத்தைப் பற்றிச் சோற்றுத் தட்டின் முன் நடக்கும் அரைமணி நேர வாதம், இச்சொற்களுக்கு மீண்டும் உயிரூட்டும்.

அப்படியானால், எந்தப் படங்களைத் தொகுப்பில் சேர்ப்பது? வசூல் சாதனையோ நடிகரின் புகழோ அளவுகோலாக இருக்கக்கூடாது. படம் முடிந்ததும் வீட்டார் கேட்க ஒரு கேள்வி மிஞ்சுகிறதா என்பதே சரியான அளவுகோல். சண்டைக் காட்சிகள் மட்டும் நினைவில் நிற்கும் படத்தை ஒருமுறை பார்த்து மறந்துவிடலாம். கேள்வியை விட்டுச்செல்லும் படத்தையே வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொகுப்பைத் தமிழ்ப் படங்களிலிருந்து தொடங்குவதே பொருத்தம். தமிழில் அறிவியல் புனைவு அண்மையில் தோன்றியது என்று பலர் எண்ணுகின்றனர். 1963ஆம் ஆண்டிலேயே, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வெளிவந்தது. யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்று திரும்பிய இரண்டே ஆண்டுகளில் வந்த படம் அது. வேற்றுக் கோளில் வாழ்பவர்கள் அறிவியலில் முன்னேறியவர்கள். ஆனால், இசையும் நடனமும் அறியாதவர்கள். எனவே, கலையைக் கற்றுத்தர ஒருவரைத் தேடிப் புவிக்கு வருகின்றனர். படத்தில் வரும் பறக்கும் தட்டைக் கண்டு இன்றைய மாணவர் சிரிக்கலாம். ஆனால், 'கலை இல்லாத அறிவியல் ஒரு சமுதாயத்துக்குப் போதுமா?' என்ற அதன் கேள்வி இன்னும் பழையதாகவில்லை.

அடுத்து, ஷங்கர் இயக்கத்தில் 2010இல் வெளிவந்த 'எந்திரன்'. இதன் வசனத்தில் அறிவியல் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்கு உண்டு. பலருக்கு இப்படத்தின் இறுதிச் சண்டைதான் நினைவில் இருக்கும். ஆனால், இதன் உயிர் வேறொரு காட்சியில் இருக்கிறது. தீப்பற்றிய கட்டடத்திலிருந்து சிட்டி என்ற எந்திரம் பலரைக் காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து கூட்டத்தின் முன் நிறுத்துகிறது. நாணம் தாங்காமல் ஓடும் அப்பெண் வாகனத்தில் மோதி இறக்கிறாள். எந்திரம் கட்டளையை மீறவில்லை. உயிரைக் காத்தது. ஆனால், மானம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியவில்லை. செயற்கை நுண்ணறிவு கட்டுரை எழுதவும் படம் வரையவும் தொடங்கிவிட்ட இக்காலத்தில், ஒவ்வொரு மாணவரும் இக்காட்சியைக் குறித்துப் பேச வேண்டும்.

மூன்றாவதாக, ஆர்.ரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை' (2015). எதிர்காலத்திலிருந்து வந்த காலப்பொறி இரண்டு சாதாரண இளைஞர்களின் கையில் கிடைக்கிறது. அவர்கள் அதைக்கொண்டு தொலைந்த பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துப் பணம் சம்பாதிக்கின்றனர். ஒரு சிறு தவற்றால், இறந்திருக்க வேண்டிய குற்றவாளி ஒருவன் உயிர் பிழைத்துவிடுகிறான். சிறு செயலும் பெரிய விளைவைத் தரும் என்ற கருத்தை நகைச்சுவையாகச் சொல்லும் படம் இது. அதே இயக்குநரின் 'அயலான்' (2024) நான்காவது படமாகலாம். புவியை ஆழமாகத் துளைத்து வளம் தேடும் பேராசையைத் தடுக்க வேற்றுக் கோள்வாசி ஒருவர் வருகிறார். சுரங்கத்தால் பிறந்த ரவாங் போன்ற ஊரில், நிலத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு.

மலேசியத் தொகுப்பில் மலேசியப் படம் ஒன்று இல்லாமல் இருக்கலாகாது. அஸிஸ் எம். ஒஸ்மான் 1992இல் இயக்கிய 'எக்ஸ்எக்ஸ் ரே' என்ற மலாய்ப் படத்தில், அறிவியலாளர் ஒருவர் பிறர் கண்ணுக்குத் தெரியாதவராக மாறிவிடுகிறார். வயிறு குலுங்கச் சிரித்த பின், மாணவர் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். கண்ணின் விழித்திரையில் ஒளி பட்டு அங்கேயே உட்கவரப்பட்டால்தான் பார்வை உண்டாகும். உடல் முழுவதும் ஒளியை ஊடுருவ விட்டால் அம்மனிதருக்குக் கண் எப்படித் தெரியும்? பிறர் கண்ணுக்குத் தெரியாத மனிதர் தாமும் பார்வையற்றவராகத்தானே இருப்பார்? ஒரு நகைச்சுவைப் படம் இப்படி ஒளியியல் பாடமாக மாறிவிடுகிறது.

உலகப் படங்களில் முதலிடம், பிரெஞ்சுக் கலைஞர் ஜார்ஜ் மெலியே 1902இல் எடுத்த நிலவுப் பயணப் படத்துக்கு உரியது. கால்மணி நேரமே ஓடும் ஊமைப்படம் இது. ஒரு பெரிய பீரங்கியில் மனிதர்களை வைத்து நிலவை நோக்கிச் சுடுகின்றனர். உண்மையில் அப்படிச் சுட்டால் அந்த அதிர்ச்சியிலேயே பயணிகள் இறந்துவிடுவர். மறு ஆண்டே, இரசியப் பள்ளி ஆசிரியரான கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி, விண்வெளிக்குச் செல்ல ஏவூர்தியே ஏற்றது என்பதைக் கணக்கிட்டு வெளியிட்டார். 1969இல் மனிதன் நிலவில் கால் வைத்தான். 2007இல் மலேசியரான டாக்டர் ஷேக் முசாபர் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்று வந்தார். பீரங்கிக் கனவிலிருந்து அங்கு வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1954இல் ஜப்பானில் வெளிவந்த 'கோஜிரா' ஏழாவது படம். பிற்காலத்தில் வந்த காட்ஸில்லா படங்களை விளையாட்டாகப் பார்த்தவர்கள், இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கண்டால் அமைதியாகிவிடுவர். அவ்வாண்டு மார்ச் மாதம் பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய நீரக அணுகுண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மீது விழுந்தது. அதில் இருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டனர். அந்தத் துயரத்தின் நிழலில் எடுக்கப்பட்ட படம் இது. இங்கே அரக்க விலங்கு என்பது அணுகுண்டின் உருவம்தான்.

எட்டாவது, ஸ்டான்லி கூப்ரிக் இயக்கிய '2001: விண்வெளிப் பயணம்' (1968). காற்றில்லாத விண்வெளியில் ஒலி பரவாது என்ற உண்மையை மதித்து, விண்வெளிக் காட்சிகளை இப்படம் வெடியோசை இல்லாமல் காட்டுகிறது. மனிதன் கொடுத்த வேலையை முடிக்க மனிதனையே தடையாகக் கருதும் ஹால் என்ற கணினியும் இதில் வருகிறது. கதையை இயக்குநருடன் சேர்ந்து உருவாக்கியவர், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். புவியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தினால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் அவர். மலேசியாவின் மீசாட் 1 செயற்கைக்கோள் 1996இல் அவ்வுயரத்துக்குத்தான் ஏவப்பட்டது. ரவாங் வீடுகளின் கூரையில் உள்ள வட்டத்தட்டுகள் தமிழ் அலைவரிசைகளைப் பெறுவதும் அந்தச் சிந்தனையின் பயனே.

கடைசி இரு படங்களும் புதியவை. 'வால்-இ' (2008) குப்பை நிறைந்த புவியில் தனித்து வேலை செய்யும் ஒரு சிறு எந்திரனின் கதை. இதன் முதற்பகுதியில் உரையாடல் மிகக் குறைவு. எனவே, ஆங்கிலம் அறியாத பாட்டியும் பேரப்பிள்ளைகளோடு சமமாக அமர்ந்து பார்க்கலாம். 'தி மார்ஷியன்' (2015) செவ்வாய்க் கோளில் தனியாக விடப்பட்ட ஒருவர் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர்வாழ்வதைக் காட்டுகிறது. ஒவ்வொரு சிக்கலையும் கணக்குப் போட்டுத் தீர்க்கும் கதைத்தலைவரை இதில் காணலாம்.

இத்தகைய தொகுப்பை எதிர்ப்பவர்களும் உண்டு. 'அறிவியல் புனைவுப் படங்கள் தவறான அறிவியலைக் கற்பிக்கின்றன' என்பது அவர்களின் முதல் வாதம். இதில் உண்மை இருக்கிறது. 'தி மார்ஷியன்' படத்தில் ஒரு புயல் விண்கலத்தையே சாய்க்கப் பார்க்கிறது. ஆனால், செவ்வாயின் காற்றழுத்தம் புவியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கு அடிக்கும் புயல் அவ்வளவு வலிமையாக இருக்க முடியாது. '2.0' (2018) படம், கைப்பேசிக் கதிர்வீச்சால் பறவைகள் கூட்டமாக இறப்பதாகக் காட்டுகிறது. ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. 'டிக் டிக் டிக்' (2018) படத்தில் புவியை நோக்கி வரும் விண்கல்லை அணு ஆயுதத்தால் உடைக்கப் பார்க்கின்றனர். உண்மையில், 2022இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் ஒரு கலத்தை டைமார்போஸ் என்ற சிறுகோள்மீது மோதச் செய்து, அது சுற்றிவரும் நேரத்தை ஏறத்தாழ 32 நிமிடம் குறைத்தது. விண்கல்லை உடைக்காமல் சற்றே தள்ளிவிட்டாலும் போதும் என்பதற்கு அது சான்று.

ஆயினும், தவறு இருக்கிறது என்பதற்காகப் படத்தை ஒதுக்குவது சரியன்று. தவற்றை அறியாமல் பார்ப்பதுதான் ஆபத்து. தவற்றைத் தேடிப் பார்ப்பவர் அறிவியலைக் கற்கிறார். பாடநூலில் உள்ள சரியான விடையை மனனம் செய்வதைவிட, திரையில் உள்ள தவறான காட்சியைத் தாமே கண்டுபிடிக்கும் மாணவர் அதை வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டார். ஆகவே, படம் பார்த்த மறுநாள் நூல்களைப் புரட்டி ஓர் உண்மையையும் ஒரு பிழையையும் கண்டறிவதைக் குடும்பத்தின் வழக்கமாக்கலாம். விடுமுறையில் கோலாலம்பூருக்குச் சென்று தேசியக் கோளரங்கத்தைப் பார்த்து வருவதும் பயன் தரும்.

'வன்முறைக் காட்சிகள் சிறுவர்களைக் கெடுக்காதா?' என்பது இரண்டாவது வாதம். இக்கவலை நியாயமானது. திரைப்படத் தணிக்கை வாரியம் வழங்கும் வயது வகைப்பாட்டைப் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் 'வால்-இ' படத்திலிருந்து தொடங்கலாம். 'எந்திரன்', 'கோஜிரா' ஆகியவற்றைப் பிள்ளைகள் வளர்ந்த பின் பார்க்கலாம். பெரியவர்கள் அருகில் அமர்ந்து பார்ப்பதே சிறந்த பாதுகாப்பு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே பார்க்கும் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

'ஆங்கிலப் படத்தையும் ஜப்பானியப் படத்தையும் பார்த்தால் தமிழ் எப்படி வளரும்?' என்று கேட்போரும் உண்டு. படத்தின் மொழி எதுவாகவும் இருக்கலாம். பேச்சின் மொழி வீட்டாரின் கையில் இருக்கிறது. பிற மொழியில் கண்டதைத் தமிழில் எடுத்துச் சொல்ல முயலும்போதுதான் புதிய சொற்கள் தேவைப்படுகின்றன. தேவைப்படும் சொல்லைத் தேடிக் கண்டடைபவரே அம்மொழியைச் சொந்தமாக்கிக்கொள்கிறார்.

இறுதியாக, 'எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது தொகுப்பு எதற்கு?' என்ற கேள்வி எழலாம். இணையத் தளங்களில் உள்ள படங்கள் அங்கே நிலையாக இருப்பவை அல்ல. உரிம ஒப்பந்தம் முடிந்தால் ஒரே நாளில் மறைந்துவிடும். படங்கள் அழிந்துபோவதும் புதிதன்று. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று யாரிடமும் இல்லை. இதற்கு மாறான செய்தியும் உண்டு. 1927இல் ஜெர்மனியில் வெளிவந்த 'மெட்ரோபோலிஸ்' என்ற அறிவியல் புனைவுப் படத்தின் பல காட்சிகள் வெட்டப்பட்டுத் தொலைந்துபோயின. எண்பது ஆண்டுகளுக்குப் பின், 2008இல், அர்ஜெண்டினாவில் உள்ள ஒரு திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ முழுமையான படி கிடைத்தது. அது முன்பு ஒரு தனிமனிதரின் சேகரிப்பில் இருந்தது. ஒருவர் படத்தைச் சேர்த்து வைத்ததால், உலகம் இழந்த காட்சிகளை மீண்டும் பெற்றது.

எனவே, கிடைக்கும் படங்களை முறையாக விலைகொடுத்து வாங்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருக்களில் தமிழ்ப்பட வட்டுகள் விற்ற கடைகள் முன்னளவுக்கு இன்று இல்லை. ஆயினும், தேடினால் வட்டுகள் கிடைக்கும். இணையத்திலும் சில படங்களை விலைக்கு வாங்கலாம். திருட்டுப் படிகளை வாங்கக்கூடாது. அவற்றை விற்பது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் புறம்பானது. நாளைய படைப்பாளியின் கையையும் அது கட்டிப்போடும். வட்டு கிடைக்காத படத்துக்கு ஒரு குறிப்பேடு துணைசெய்யும். பார்த்த நாள், எழுந்த கேள்வி, ஒவ்வொருவரும் சொன்ன விடை, கற்ற புதுச்சொல் ஆகியவற்றை அதில் எழுதி வைக்கலாம். பத்துப் படங்கள் முடியும்போது அக்குறிப்பேடு எந்த வட்டையும்விட மதிப்புள்ளதாகிவிடும்.

இம்முயற்சிக்குப் பெரிய திரையோ பெரும் பணமோ தேவையில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை மற்றத் திரைகளை அணைத்துவிட்டு ஒரே திரையின் முன் அமர்ந்தால் போதும். மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்த பாட்டி, தம் காலத்தில் கற்பனையாக இருந்து இன்று கைக்கு எட்டியவற்றைப் பட்டியலிடுவார். பேரன் இனி வரப்போவதைச் சொல்வான். இருவருக்கும் இடையில் ஒரு நூற்றாண்டின் அறிவியல் வரலாறே தமிழில் பேசப்பட்டுவிடும்.

ரவாங் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவியவர்கள், வேறெங்கோ உருவான ஒரு கண்டுபிடிப்பைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவர்கள். அது தங்களுக்கு உரியதன்று என்று அவர்கள் ஒதுங்கவில்லை. அறிவியலும் அப்படித்தான். அதைத் தம் மொழியில் பேசத் துணிபவர் வீட்டுக்குள் அது தானே வந்து சேரும். வரும் சனிக்கிழமை மாலை அணைக்கப்படும் திரைகள் அதற்கு வழிவிடட்டும்.